பாயின் நாலாவது மூலை

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரையில் பாய் விரித்தால் நாலு மூலைக்கும் கல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பாய் எழும்பி முகத்தில் அடிக்கும். அந்த வருடம் எங்கள் வாடியில் மூன்று கல்தான் வைத்தோம். நாலாவது மூலை கல் இல்லாமலே கிடந்தது. ஏனென்று தொடக்கத்தில் யாரும் யோசிக்கவில்லை.

நான் சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுக்கிறவன். வேறு தொழில் தெரியாது. வாடை தொடங்கினால் கடலுக்குப் போக ஏலாது. தோணிகளை மேலே இழுத்துக் கவிழ்ப்போம். இஞ்சின்களைக் கழற்றி வாடிக்குள் வைப்போம். வாடி என்றால் கிடுகும் தகரமும் போட்ட ஒரு கொட்டில். உள்ளே வலை, கயிறு, மண்ணெண்ணெய்க் கேன்கள், ஒரு கட்டில். பகலில் நாங்கள் அங்கே இருந்து வலையின் பீத்தல் கட்டுவோம். பொழுது பட்ட மஃரிப் தொடங்கி விடியற்கால சுபஹ் வரைக்கும் ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும்.

காவலுக்கு இரண்டு சட்டம் இருந்தது. தோணிக்கும் வலைக்கும் சொந்தக்காரரான சம்மாட்டி வைத்த சட்டம். ஒன்று, ஒரு ஆள்தான் நிற்கலாம். முன்பு இரண்டு பேர் நின்ற இரவில்தான் ஒரு இஞ்சின் களவு போனது. மற்றவன் முழித்திருக்கிறான் என்று நினைத்து இரண்டு பேரும் உறங்கிவிட்டார்கள். அடுத்தது, காவலைக் கேட்டு வாங்குகிறவனுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. கேட்டு வாங்குகிறவன் நின்றால் விடியும்போது எண்ணெய்க் கேன் பாதியாக இருக்கும். எங்கள் கரையில் எந்த வாடியிலும் இப்படித்தான். காவல் தானாக ஒருவன்மேல் விழ வேண்டும்.

முறை வைத்துப் பார்த்தோம். மழை நாள் யாருக்கு என்று சண்டை வந்தது. பிறகு என் மச்சான் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்தார்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கத்தாரில் கட்டட வேலை செய்து திரும்பியவர். அங்கே காம்பில் கூட இருந்தவர்களிடம் போக்கர் விளையாட்டுப் படித்திருந்தார். எங்களுக்குச் சொல்லித் தந்தார். காசு வைக்கவில்லை. காசு வைத்தால் ஹறாம். கரையில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பிகளை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டோம். அப்படி விளையாடுவதும் சரியில்லை என்று பள்ளியில் சொல்வார்கள். அதனால் நாங்கள் பள்ளியில் சொல்லவில்லை.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஆளுக்கு ஒரு சிப்பி நடுவில். சீட்டைப் பார்த்துவிட்டு, நல்லதென்றால் இன்னும் சிப்பி வைக்கலாம். கூடாதென்றால் கவிழ்த்துவிட்டு விலகலாம். விரும்பாத சீட்டைக் கொடுத்து ஒருமுறை மாற்றலாம். கடைசியில் காட்டவேண்டும். ஒரே இலக்கச் சீட்டு யாரிடம் அதிகமோ அவருக்கு நடுவில் உள்ளது எல்லாம். மச்சான் ஒரு சட்டம் சேர்த்தார். கடைசிக் கையில் இரண்டு பேர் மிஞ்சினால் கவிழ்க்க ஏலாது. காட்டித்தான் ஆக வேண்டும்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாயில் இருப்போம். மஃரிப் பாங்கு சொல்லும்போது நிறுத்துவோம். அந்த நேரம் யாரிடம் சிப்பி குறைவோ அவருக்குக் காவல்.

நான் மெதுவாக விளையாடுகிறவன். நல்ல சீட்டு வரும்வரைக்கும் கவிழ்த்துக்கொண்டே இருப்பேன். மச்சான் என்னைக் கல்லு என்பார். "கல்லு வாயத் திறந்தா எல்லாரும் ஓடுங்க. கையில ராசா இரிக்கி." நாலாவது ஆள் பாண்டிருப்புத் தமிழர். இஞ்சின் பழுது பார்ப்பவர். இஞ்சின்காரர் என்றே சொல்வோம். அவர் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்பார். நெற்றியில் திருநீறு இல்லாமல் வேலை தொடங்கமாட்டார். நல்ல சீட்டு வந்தால் காதுமடல் சிவக்கும். அது அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

சொன்னேனே, நாலாவது ஆள் என்று. அது தவறு. அவர் மூன்றாவது. நாலாவது ஆள் அந்த வருடம்தான் வந்தார்.

சம்மாட்டிதான் கூட்டி வந்தார். "நிந்தவூர் ஆள். பீத்தல் கட்ட நல்லவரு. உங்களோட இரிக்கட்டும்" என்றார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். நரைத்த தாடி. எங்களோடு பிளேன்டி குடிப்பார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் இல்லை. நாங்கள் அவரை நிந்தவூரார் என்று கூப்பிட்டோம்.

பாயில் அவர் வடக்கு மூலையை ஒட்டி இருந்தார். மூலையில் அல்ல. மூலைக்குக் கொஞ்சம் இடம் விட்டு. இன்னொரு ஆள் இருக்கக்கூடிய இடம்.

முதல் நாளே மச்சானுக்குப் பெருநாள்தான். நிந்தவூரார் சீட்டைக் கையில் எடுக்கவில்லை. அப்படியே பாயில் குப்புறக் கிடந்தது. பக்கத்து மூலையை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் சிப்பியெல்லாவற்றையும் நடுவில் தள்ளினார்.

"காட்டப் பாருங்க முதல்ல" என்றார் மச்சான். சீட்டைக் காட் என்றுதான் சொல்வோம்.

"தேவல்ல."

"என்னகா இது, பாக்காமத் தள்ளுறயா? கத்தார்ல இப்பிடி ஒரு நேபாளி இரிந்தான். மூணாம் நாள் அவன்ட சப்பாத்தும் எங்களுக்கிட்ட."

எல்லோரும் சிரித்தோம். நிந்தவூராரும் கொஞ்சம் சிரித்தார். இஞ்சின்காரரிடம் இரண்டு ஜோடி இருந்தது. அவரும் தள்ளினார். காதுமடல் சிவந்திருந்தது. சீட்டைத் திருப்பினோம். நிந்தவூராரிடம் மூன்று ஒன்பது.

அவர் சிரிப்பு நின்றது. சிப்பியை வாரி எடுக்கவில்லை. மச்சான்தான் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்த கையும் பார்க்காமல் தள்ளினார். அதற்கடுத்ததும். எப்போதும் வென்றார் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிராளியிடம் சிப்பி குறைவான கையில்தான் தோற்றார், அதனால் கொஞ்சம்தான் போனது. வென்றால் எல்லாவற்றையும் வென்றார். மஃரிபுக்கு அவர் முன்னால் சிப்பிக் குவியல். காவல் இஞ்சின்காரருக்கு.

வீட்டுக்குப் போகும்போது மச்சான் எனக்குப் பாடம் சொன்னார். அது நல்ல பாடம்.

"இப்பிடிப்பட்ட ஆளோட பொய் கட்டக்கூடாது மச்சான். நாம பெரிசா வெச்சா பயந்து கவிழ்ப்பான் எண்டு நினைக்கிறது மத்த ஆக்களோட. இவன் கவிழ்க்க மாட்டான். நீங்க உங்கட பாட்டுல கல்லா இரிங்க. நல்லது வரும். வந்த நேரம் அவன்ட கையாலயே எல்லாத்தையும் தள்ள விட்டிட்டு, புடிங்க."

அப்படியே செய்தேன். இருந்தேன். ஆனால் எனக்கு ஒரு பழக்கம், எதிராளியின் முகத்தைப் பார்ப்பது. நிந்தவூராரின் முகத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. சீட்டு என்னவென்று அவருக்கே தெரியாதே. முகம் பூட்டிய கடைபோல இருந்தது. ஒவ்வொரு முறையும் தள்ளுவதற்கு முன்னால் பக்கத்து மூலையைப் பார்ப்பார். வென்றால் அந்தப் பக்கம் குனிந்து ஏதோ சொல்வார். ஒருநாள் காற்று என் பக்கம் அடித்ததால் கேட்டது.

"ஏன்டா மனே இப்பிடிச் செய்யிறாய்?"

கோபமான குரல். ஆனால் பிள்ளையை ஏசும் கோபம்.

இஞ்சின்காரர்தான் முதலில் கண்டார். நல்ல காற்று. என் பக்கக் கல்லே அசைந்தது. "காக்கா" என்றார் என்னிடம், "அந்த மூலைக்குக் கல்லு வெக்கல்லயே. பாய் ஏன் எழும்புதில்ல?"

பார்த்தேன். பாய் அங்கே மணலோடு ஒட்டிக் கிடந்தது. யாரோ இருப்பதுபோல நடுவில் சின்னதாகப் பள்ளம்.

"மண் ஈரம்" என்றேன்.

"ஈரமா?" என்றார். அடுத்த நாளிலிருந்து அவர் எதிர்ப்பக்கம் மாறி இருந்தார்.

மழை கொட்டிய ஒரு நாள் வாடிக்குள் விளையாடினோம். பாய் விரிக்க இடமில்லை. வலைக்குவியலுக்கும் இஞ்சின்களுக்கும் நடுவில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு இருந்தோம். நிந்தவூராருக்குப் பக்கத்தில் இடம் விட ஏலவில்லை. அன்றும் அவர் பார்க்காமல் தள்ளினார். அன்று எனக்கு மூன்று ராணி வந்தது. மச்சான் சொன்ன மாதிரியே பிடித்தேன். அவர் சிப்பி முழுவதும் எனக்கு. அதற்கு முந்திய கையிலும் அவருக்கு ஒரு ஜோடிகூட இல்லை.

முதன்முறையாக நிந்தவூராருக்குக் காவல் விழுந்தது. அவர் முகம் தெளிந்தது. பெருநாள் காலையில் பிள்ளைகளின் முகம் அப்படி இருக்கும்.

"டோச் கட்டிலுக்குக் கீழே" என்றார் மச்சான்.

"தேவல்ல" என்றார் அவர்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஏனென்று தெரியாது. சுபஹ் தொழுத கையோடு கரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வாடிக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் ஆள் இல்லை. கொஞ்சம் தள்ளி மணலில் ஒரு சேட், மடித்து வைத்திருந்தது. அதன்மேல் தொப்பி. பக்கத்தில் செருப்பு, கடலைப் பார்த்தபடி.

கடல் அன்று பொங்கிக்கொண்டிருந்தது. அலை தோணி உயரத்துக்கு வந்து உடைந்தது. ஒரு இடத்தில் மட்டும் உடையவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் எண்ணெய்போல மட்டமாக இருந்தது. அதற்குள் நிந்தவூரார் கழுத்தளவில் நின்றார். முகம் அங்கால் பக்கம்.

நான் கத்தவில்லை. கத்தினால் இன்னும் உள்ளே போவார் என்று பட்டது. இறங்கிப்போய்ப் பின்னாலிருந்து பிடித்தேன். இழுத்தேன். வலை இழுத்த கைதானே. அவர் தடுக்கவில்லை. கரைக்கு வந்ததும் அந்த மட்டமான இடத்தில் அலை வந்து விழுந்தது. மண் அதிர்ந்தது.

"நீங்க வந்திட்டீங்க" என்றார். "போயிட்டான்."

"யாரு?"

"மகன். அதிலதான் நிண்டு கூப்பிட்டான். கரையில ஆக்கள் இரிந்தா வரமாட்டானாம். தனிய வரட்டாம்."

சேட்டைப் போட்டு விட்டேன். பொத்தான் போட அவர் கைக்குத் தெரியவில்லை. நானே போட்டேன். பிரதான வீதிக்குக் கூட்டிப் போய் பஸ் ஏற்றினேன். நானும் ஏறினேன். நிந்தவூரில் அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றாள். அவர் நனைந்த சாரனைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவரை உள்ளே விட்டுவிட்டு மதிலுக்குப் பக்கத்தில் என்னோடு கதைத்தாள்.

"வாப்பாவும் மகனும் ஒரு தோணியில போனாங்க காக்கா. போன வாடைக்கு முந்தி. தோணி பிரண்டிச்சி. இவரு வந்தாரு. புள்ள வரல்ல. மையித்தும் கிடைக்கல்ல. கபுறு ஒண்டு இரிந்தா அதில போய் இரிந்து அழுதிரிப்பாரு. இப்ப கடலுக்குத்தான் போறாரு. பகல்ல இஞ்ச வெச்சிரிந்தா நான் கண்ணசந்த நேரம் போயிருவாரு எண்டுதான் சம்மாட்டிக்கிட்ட வேல கேட்டு உங்களோட உட்டன். ஆக்களுக்குள்ள இரிக்கட்டும் எண்டு. ராவையில வீட்டுக்கு வந்தா நான் கதவப் பூட்டித் தலைமாட்டுல சாவிய வெச்சிக்குவன். தனிய மட்டும் விட்டிராதீங்க."

"சரி" என்றேன்.

"சம்மாட்டிக்கிட்டச் சொல்லிருவீங்களா?"

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். கடல் கூப்பிட்ட ஆளை எங்கள் கரையில் யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள். கயிறு தொடவும் விடமாட்டார்கள். அவன் தொட்ட வலைக்குக் கடல் உரிமை கேட்கும் என்பார்கள். சம்மாட்டி அதில் இன்னும் கடுமை. சொன்னால் அன்றே அனுப்பிவிடுவார். பிறகு நிந்தவூராருக்கு வீடு, பகல், கடல் மூன்றும்தான்.

"சொல்லமாட்டன்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். அவர் ஏன் பார்க்காமல் தள்ளுகிறார் என்று விளங்கியது. காவலைக் கேட்டு வாங்க ஏலாது. தோற்றுத்தான் வாங்க வேண்டும். அவர் தோற்கத்தான் எங்களோடு இருந்தார். கடல் திறக்கும்வரை அவரைத் தோற்க விடக்கூடாது. அது என் வேலை.

இது லேசில்லை. வெல்ல நினைக்கிறவனைத் தோற்கடிக்க வழி இருக்கிறது. தோற்க நினைக்கிறவனைத் தோற்காமல் வைக்க யாரும் சொல்லித் தரவில்லை. மச்சானிடம் கேட்க ஏலாது. அவர் வாய் ஊர் முழுக்க.

படித்ததையெல்லாம் தலைகீழாகச் செய்தேன். அவர் பார்க்காமல் தள்ளினால் நான் நல்ல சீட்டையும் கவிழ்த்தேன். ஜோடி ராசாவைக் கவிழ்த்திருக்கிறேன். மச்சானிடமும் இஞ்சின்காரரிடமும் வேண்டுமென்றே தோற்றேன். இஞ்சின்காரரின் காதுமடல் சிவந்திருக்கும்போதே சிப்பி வைத்தேன். ஒருவர் எனக்குக் கீழே இருந்தால்தானே அவருக்குக் காவல். நானே ஆகக் கீழே இருந்தால் அவருக்கு வராது.

காவல் எனக்கே விழுந்துகொண்டிருந்தது. மனைவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மச்சானுக்குச் சந்தோசம்.

"கல்லு கரைஞ்சி போச்சி" என்பார். "என்ன மச்சான், லாத்தாவோட சண்டையா? வீட்டுக்குப் போக விருப்பமில்லயா?"

"சீட்டுக் கூடாது" என்பேன்.

"சீட்டில்ல, மூள."

நிந்தவூரார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். சில நாள் கழித்து விளையாட்டை மாற்றினார்.

தள்ளுவதை நிறுத்தினார். சீட்டைத் தொடாமலே கவிழ்த்தார். ஒவ்வொரு கைக்கும் நடுவில் போடும் ஒரு சிப்பி மட்டும் போகும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் கேன்போல. கவிழ்த்த சீட்டுக்கு யார் என்ன உதவி செய்ய ஏலும்? அதனால் நான் இன்னும் வேகமாகத் தோற்க வேண்டியிருந்தது. ஒரே பாயில் இரண்டு பேர் தோற்கப் போட்டி. மற்ற இரண்டு பேருக்கும் சிப்பி குவிந்தது. அவர்கள் தாங்கள்தான் கெட்டிக்காரர் என்று நினைத்தார்கள்.

மனது அந்த மூலையில் நின்றது. கவிழ்த்த சீட்டை நான் சேர்க்கும்போது அவருடையதைத் திருப்பிப் பார்ப்பேன். அநேகமாக வெல்லும் சீட்டு. தொடாமல் போட்டது. யாரோ ஒவ்வொரு முறையும் நல்லதைக் கொடுக்கிறார், அவர் ஒவ்வொரு முறையும் திருப்பி எறிகிறார். அந்த மழை நாளை யோசித்தேன். வாடிக்குள், பாய் இல்லாமல், பக்கத்தில் இடம் இல்லாமல். அன்று மட்டும்தான் அவர் உண்மையாகத் தோற்றார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

காற்று மாறியது. ஒரு காலை கடல் நிறம் வெளுத்திருந்தது. சம்மாட்டி வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, "நாளைக்குத் தோணி இறக்குவம்" என்றார். தோணி இறங்கினால் இஞ்சின் வாடியில் இருக்காது. காவலும் இல்லை. அன்றைக்கு மட்டும்தான் மிச்சம். எனக்கும் அன்றைக்கு மட்டும்தான் மிச்சம். நிந்தவூராருக்கும்.

அஸருக்குப் பிறகு இருந்தோம். அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். நான் மச்சானிடம் பொய் கட்டித் தோற்றேன். இஞ்சின்காரரிடம் தோற்றேன். எண்ணிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. நான் எண்ணினேன். எனக்கும் நிந்தவூராருக்கும் சமம். அவர் ஒன்று இழந்தால் நான் ஒன்று இழந்தேன்.

வானம் இருண்டது. தூறல் விழுந்தது. மச்சான் எழும்பினார்.

"உள்ள போவம். காட் நனையுது."

"ஓம், உள்ள போவம்" என்றார் நிந்தவூரார். அவர் அவ்வளவு வேகமாகக் கதைத்ததை நான் கேட்டதில்லை. பாயின் மூலையைப் பார்க்காமல் எழும்பினார்.

"இஞ்சயே விளையாடுவம்" என்றேன்.

"மழ மச்சான்."

"தூறல்தான். இருங்க."

"நனைஞ்ச காட்டைக் கலக்க ஏலா."

"நான் கலக்கிறன். இருங்க எண்டு சொன்னன்."

நான் குரல் உயர்த்துகிறவன் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தார். இருந்தார். நிந்தவூரார் உட்காராமல் நின்றார். பிறகு அவரும் இருந்தார். மூலைக்கு இடம் விட்டு.

பள்ளியில் ஒலிபெருக்கியைத் தட்டும் சத்தம் கேட்டது. பாங்குக்கு முன்னால் அப்படித் தட்டுவார்கள். கடைசிக் கை. மச்சானும் இஞ்சின்காரரும் சீட்டு வாங்கவில்லை. "எங்களுக்கு என்னத்துக்கு. நீங்க ரெண்டு பேரும் பாருங்க" என்றார் மச்சான். நான் பிரித்தேன். எனக்கு இரண்டு ராசா வந்தது. இரண்டையும் கொடுத்துவிட்டு வேறு இரண்டு எடுத்தேன். மச்சான் அதைக் கண்டுவிட்டார். வாய் திறந்து மூடினார்.

நிந்தவூரார் தன் ஐந்து சீட்டையும் பார்க்காமல் திருப்பித் தந்தார். "எல்லாத்தையும் மாத்துங்க."

மாற்றிக் கொடுத்தேன். அவர் தொடவில்லை. கண்ணை மூடி இருந்தார். உதடு அசைந்தது.

நான் என் சீட்டைக் காட்டினேன். ஒன்றும் இல்லை. ஒரு ஜோடிகூட இல்லை.

"நீங்க" என்றார் மச்சான்.

நிந்தவூரார் கையை எடுக்கவில்லை. இஞ்சின்காரர்தான் கையை நீட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஏழு. ஆசு. ஆசு. நாலு. ஆசு.

பாங்கு சொன்னார்கள்.

பாங்கு முடியும்வரை கதைப்பதில்லை. அந்த நேரத்தில் இஞ்சின்காரர் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெல்லச் சொன்னார்.

"காக்கா. அதில மட்டும் நனயல்ல."

பாய் முழுவதும் தூறலில் கறுத்திருந்தது. சிப்பி, சீட்டு, எங்கள் தோள் எல்லாம் நனைந்திருந்தது. வடக்கு மூலையில் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் காய்ந்திருந்தது. பாயின் நிறம் அங்கே வெளுப்பாக இருந்தது. தூறல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

மச்சான் "லா இலாஹ" என்று தொடங்கி முடிக்காமல் பின்னால் நகர்ந்தார்.

நிந்தவூரார் அந்தப் பக்கம் திரும்பினார். "ஏன்டா மனே" என்றார். "ஏன்டா விடுறாயில்ல?"

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. அன்று கதைத்தேன்.

"கடல்ல நிண்டு கூப்பிடுறது உங்கட மகனில்ல" என்றேன். "உங்கட மகன் இஞ்ச இரிந்தான். வாடை முழுக்க இதில இரிந்து உங்களுக்கு நல்ல காட் தந்தான். நீங்க தோத்திரப்படா எண்டு. நானும் அவனும் ஒரு பக்கம்தான் விளையாடினம்."

அவர் என்னைப் பார்த்தார். கையை அந்தக் காய்ந்த இடத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அழுதார். கடல் சத்தத்தில் அவர் சத்தம் கேட்கவில்லை. தோள் மட்டும் அசைந்தது. இஞ்சின்காரர் சீட்டுகளைப் பொறுக்கித் துண்டில் சுற்றினார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

காவல் எனக்கு. மற்றவர்கள் போனார்கள். நிந்தவூரார் போகவில்லை. வாடி வாசலில் என் பக்கத்தில் இருந்தார். ஒரு ஆள்தான் நிற்கலாம் என்ற சட்டத்தை நான் சொல்லவில்லை. அவர் மனைவிக்கு மட்டும் போன் எடுத்து, என்னோடு இருக்கிறார் என்றேன்.

அந்தக் காவலைப் பற்றி ஒன்றுதான் எழுத இருக்கிறது. கடலில் இருந்து கூப்பிட்டது. எனக்கும் கேட்டது. வாப்பா என்று கூப்பிட்டது. அது அவருடைய மகனின் குரல் இல்லை. என் மகளின் குரல். என் மகள் அந்த நேரம் வீட்டில் உம்மாவுக்குப் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தாள். நான் எழும்பப் பார்த்தேன். நிந்தவூரார் என் சாரனைப் பிடித்துக்கொண்டார்.

"இரிங்க காக்கா" என்றார். "அது அப்பிடித்தான்."

இருந்தேன்.

சுபஹுக்கு சம்மாட்டி வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ரெண்டு பேரா?" என்றார். "ஓம்" என்றேன். இஞ்சின்களை எண்ணினார். எண்ணெய்க் கேனைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரி. "தோணிய இறக்குங்க" என்றார்.

அந்த வருடம் நிந்தவூரார் எங்களோடு கயிறு இழுத்தார். கரையில் நின்றுதான். தோணியில் ஏறவில்லை, நாங்களும் ஏறச் சொல்லவில்லை. வலை வரும்போது மீன் சேரும் மடிக்குள் முதலில் அவர்தான் பார்ப்பார். என்ன தேடுகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. பார்த்துவிட்டு மீனைப் பிரிக்கத் தொடங்குவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வேலை இல்லை. மச்சான் சீட்டுக் கட்டை எடுத்தார். சிப்பியும் அதே சிப்பி. காவல் இல்லை, சும்மா விளையாட்டு. வாடி நிழலில் பாய் விரித்தோம். வழக்கப்படி மூன்று கல் வைத்தோம். நிந்தவூரார் மூலைக்கு இடம் விட்டு இருந்தார்.

ஐந்து ஐந்தாகப் பிரித்தேன். மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கல்லு திரும்பி வந்திட்டா?" என்றார். நிந்தவூராரைப் பார்த்தேன்.

அவர் பக்கத்து மூலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீட்டைக் கையில் எடுத்தார். விரித்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. சீட்டைக் கவிழ்த்தார்.

"ஏன்?" என்றேன்.

"நல்லா இல்ல" என்றார்.

அந்த நேரம் கரைக்காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. பாயின் வடக்கு மூலை எழும்பி அடித்தது. சீட்டு இரண்டு பறந்தது. இஞ்சின்காரர் கையை நெஞ்சில் வைத்தார்.

நிந்தவூரார் எழும்பினார். கரைப்பக்கம் போய் ஒரு கல் எடுத்து வந்தார். மண்ணைத் தட்டினார். பாயின் மூலையை ஒரு கையால் தடவி நீட்டினார். மற்றக் கையால் கல்லை மெதுவாக வைத்தார்.